வராதவர்களுக்குப் பார்த்த பிரஷர்

பிப்ரவரி 6

என் அன்பு வாலுக்கு,

அண்ணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணனின் முட்டிவலி எங்கள் எல்லோரையும் விடச் சௌக்கியமாக இருக்கிறது. படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதாம், சீட்டாடப் போகும்போது வலிப்பதில்லையாம்.

போனில் பேசக் கூடாதா என்று கேட்காதே. போனை எடுத்தாலே உன் அண்ணன் ஸ்பீக்கரைப் போட்டுவிடுகிறார். நான் உன்னைக் கேட்டால் பக்கத்து வீட்டுக்காரி ஜன்னல் வழியாகப் பதில் சொல்கிறாள். நீயும் ஆராய்ச்சிக்கூடத்துக்குள் போனை எடுத்துப் போகக் கூடாது என்கிறாய். அதனால் பேனாவை எடுத்துவிட்டேன்.

உன்னிடம் ஒரு குறை சொல்ல வேண்டும். கண் ஆஸ்பத்திரியில் மூன்றாம் கவுண்டரில் நான் உட்கார ஆரம்பித்துப் பத்தொன்பது வருஷமாகிறது. யாருக்கு எப்போது ஆபரேஷன் என்று முன்பெல்லாம் பெரிய டாக்டரும் நாங்களும் உட்கார்ந்து பட்டியல் போடுவோம். இரண்டு வருஷமாக ஒரு கம்ப்யூட்டர் போடுகிறது. செயற்கை நுண்ணறிவாம். நுண்ணறிவைக் காணோம், செயற்கை மட்டும் நன்றாகத் தெரிகிறது. நீயும் அந்த வகை வேலை பார்ப்பதால் நான் அதை ‘வாலுவோட சொந்தக்காரன்’ என்றுதான் சொல்கிறேன்.

உன் சொந்தக்காரனின் லட்சணத்தைக் கேள். இங்கே ஒரு தையற்காரம்மா வருகிறார். இரண்டு கண்ணிலும் புரை. பதினாலு மாதமாகக் காத்திருக்கிறார். அவருக்குப் பின்னால் பதிந்தவர்கள் எல்லாம் ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடியோடு கையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். போன வாரம் விரலை நீட்டிக் காட்டினார். “பொத்தான் தைக்கச் சொன்னாங்க, என்னையே தச்சுக்கிட்டேன்” என்று சிரிக்கிறார்.

நான் என்னால் ஆனதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன். இது நமக்குள் இருக்கட்டும். இரண்டு பஸ் மாறி வருகிறவர்களும் ஷிஃப்ட் முடித்து ஓடி வருகிறவர்களும் டாக்டரைப் பார்க்கும் நேரத்துக்கு அரை மணி பிந்திவிட்டால் ‘ரத்து’ என்று பதிய வேண்டும் என்பது விதி. ரத்து என்றால் மறுபடி முதலிலிருந்து டாக்டர் சிபாரிசுக் கடிதம் வாங்க அலைய வேண்டும். எனக்கு மனசு வராது. ‘வரவில்லை’ என்ற பொத்தானை அழுத்திவிடுவேன். அதற்கு அடுத்த தேதி தானாகவே கிடைக்கும். எதிரே நின்று மூச்சு வாங்குகிறவரைப் பார்த்துக்கொண்டே வரவில்லை என்று போடுவது எனக்கே சிரிப்புத்தான். பாவம், வெறுங்கையோடு போகக் கூடாதென்று “வந்ததுக்கு பிரஷராவது பாத்துட்டுப் போங்க” என்று பக்கத்து அறை நர்ஸிடம் உட்கார வைத்துவிட்டு வருவேன். அந்தத் தையற்காரம்மாவுக்கே நாலு தடவை அப்படிச் செய்திருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. உன் சொந்தக்காரனிடம் அந்த அம்மாவுக்காக ஒரு வார்த்தை சொல்லிவை.

உன் அண்ணி


மார்ச் 2

அன்பும் மரியாதையும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. இவ்வளவு நாள் நான் பதில் போடாமல் இருந்ததில்லை. எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் தள்ளிப்போட்டேன். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

நீங்கள் சொந்தக்காரன் என்கிற அந்தக் கம்ப்யூட்டரைத்தான் எங்கள் குழு ஐந்து மாதமாகச் சோதித்துக்கொண்டிருந்தது. அது எல்லோரையும் ஒரே மாதிரி நடத்துகிறதா, எடுக்கிற முடிவுக்குக் காரணம் சொல்ல முடியுமா என்று பார்க்கச் சொல்லி மேலிடம் எங்களிடம் கொடுத்தது. ஒன்பது ஆஸ்பத்திரிகளின் பதிவுகள். ஒன்றிலும் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. கவுண்டர் எண்களைக்கூட மாற்றிக் கலைத்துத்தான் கொடுப்பார்கள். யாருடைய பதிவு என்று கண்டுபிடிக்க முயலக் கூடாது என்று முதல் நாளே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.

ஒவ்வொருவரையும் ஏன் பின்னால் தள்ளினாய் என்று அதைச் சொல்ல வைத்தோம். அது திரும்பத் திரும்பச் சொன்ன காரணம் ஒன்றுதான்: இவர் பல தடவை ‘வரவில்லை’. கூப்பிட்டாலும் வர மாட்டார், அந்த இடம் வீணாகும், ஆகவே கடைசியில் நிற்கட்டும். ஒரு குறிப்பிட்ட கவுண்டரில் மட்டும் அப்படிப் பின்தள்ளப்பட்டவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அதில் ஒரு விசித்திரம். வரவில்லை என்று குறித்த அதே நாளில், அடுத்த பத்து நிமிஷத்தில், அவர்களுக்கு பிரஷர் பார்த்த கணக்கு இருக்கிறது. என் பக்கத்து மேசைக்காரர், “பேய்க்குமா பிரஷர் பாப்பாங்க?” என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

மறுநாள் உங்கள் கடிதம் வந்தது, அண்ணி. அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

குழுத் தலைவியிடம் போய், அந்தக் கவுண்டரில் எனக்கு வேண்டியவர் இருக்கலாம் என்று மட்டும் சொன்னேன். யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அன்றே என்னை அந்த வேலையிலிருந்து விலக்கிக்கொண்டேன். அந்த வேண்டியவருக்கு எழுதலாமா என்று அவரிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

இப்போது நிலைமை இது. ‘கம்ப்யூட்டரில் குறையில்லை, ஒரு கவுண்டரில் பொய்ப் பதிவு நடக்கிறது’ என்று அறிக்கை எழுதப்படுகிறது. அப்படியே போனால் கம்ப்யூட்டர் தன் வழியில் போகும், அந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் கடைசியிலேயே நிற்பார்கள். ஏப்ரல் பத்தாம் தேதி விசாரணைக் குழு கூடுகிறது. ஊழியர் யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம். பெயர் வெளியில் வராமல் எழுதியும் கொடுக்கலாம். வேலைக்கு ஆபத்தே வராது என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வரலாம்.

நமக்குள் இருக்கட்டும் என்று எழுதினீர்கள். நமக்குள்தான் இருக்கிறது. உங்கள் கடிதத்தைப் பற்றி அங்கே நான் பேசலாமா என்று கேட்கத்தான் இது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

உங்கள் வாலு


மார்ச் 9

வாலுக்கு,

கடிதம் கிடைத்தது.

ஆக, அந்த அம்மா விரலில் ஊசி ஏற்றிக்கொண்டதற்கு நான்தான் காரணம் என்கிறாய். பத்தொன்பது வருஷத்தில் ஒரு நோயாளியிடம் முகம் சுளித்துப் பேசியதில்லை நான். உன்னிடம் மனசில் இருந்ததைக் கொட்டினால் நீ அதைக் கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புகிறாய். நன்றாக இருக்கிறது உன் படிப்பு.

உன் அண்ணன், “என்ன எழுதியிருக்கா?” என்று கேட்டார். நலம் என்று எழுதியிருக்கிறாய் என்றேன்.

ஒன்றையும் எங்கேயும் பேசாதே. எனக்கு எழுதவும் வேண்டாம்.

அண்ணி


மார்ச் 21

அன்புள்ள அண்ணிக்கு,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒரு தடவை மட்டும் மன்னியுங்கள், இதற்குப் பதிலும் போட வேண்டாம்.

பேசாதே என்றீர்கள், பேசவில்லை. உங்கள் கடிதம் என் அறையில் என் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. ஆராய்ச்சிக்கூட வாசலைக்கூட அது பார்க்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஆசை வந்தது. ‘ஓர் ஊழியரே எனக்கு எழுதியிருக்கிறார்’ என்று அந்த ஒரு தாளை மேசையில் வைத்திருந்தால் அறிக்கை அன்றைக்கே மாறியிருக்கும். இரண்டு நாள் பையில் வைக்கலாமா என்று எடுத்து எடுத்துப் பார்த்தேன். ஊர் பேர் தெரியாதவர்களின் ரகசியத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, என் அண்ணியின் ரகசியத்தை மட்டும் கேட்காமல் எடுப்பேனா? கை வரவில்லை.

காரணம் நீங்கள் என்று நான் நினைக்கவே இல்லை. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது, அவ்வளவுதான். அந்தக் கம்ப்யூட்டரைச் செய்து வைத்தவர்களில் ஒருவராவது உங்கள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு நாள் உட்கார்ந்து, ‘இந்தப் பொத்தானை எப்பங்க அழுத்துவீங்க?’ என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. சோதித்த நாங்களும் கேட்கவில்லை. பேய் என்று சிரித்தோம்.

வீட்டில் எல்லோரும் என் படிப்பை நிறுத்தி வேலைக்கு அனுப்பலாம் என்று பேசிக்கொண்டிருந்த அன்று, கல்யாணமாகி மூன்றே மாதமான நீங்கள் அடுப்படியிலிருந்து வெளியே வந்து, “அவளை யாராவது ஒரு வார்த்தை கேட்டீங்களா?” என்றீர்கள். நான் இன்று உட்கார்ந்திருக்கிற நாற்காலி அந்த ஒரு கேள்வியால் கிடைத்தது. நீங்கள் விசாரணைக்குப் போனாலும் போகாவிட்டாலும் அந்த நன்றியில் ஒரு பொட்டுக்கூடக் குறையாது.

என்றும் உங்கள் வாலு


ஜூன் 14

என் அன்பு வாலுக்கு,

மூன்று மாதம் உன்னைத் தவிக்க விட்டுவிட்டேன். எனக்கு வாய்தான் நீளம், மனசு ஆற நாளாகும். உனக்குத் தெரியாததா.

போனேன். உன்னிடம் சொல்லாமல்தான் போனேன். பெயர் இல்லாமல் எழுதிக் கொடுக்கலாம் என்றாயே, உட்கார்ந்து எழுதியும் பார்த்தேன். யாரோ எவளோ எழுதிய மாதிரி இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு இருக்கிறதிலேயே நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு நேரில் போய்விட்டேன். நீளமான மேசை, அந்தப் பக்கம் ஐந்து பேர். உன் தலைவியும் இருந்தார், என்னை யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் உன் மேல் எனக்கு இருந்த மிச்சக் கோபமும் போயிற்று.

“சார், நீங்க சிரிச்ச பேயெல்லாம் என் கவுண்டருக்கு வந்தவங்கதான். வந்தாங்க, நின்னாங்க, டாக்டர் ரூம் மூடிருச்சு. வந்து நின்னவங்களைக் குறிக்க உங்க திரையில பொத்தான் இல்லை. இருந்த ரெண்டுல இரக்கமான பொத்தானை நான் அழுத்தினேன். உங்க மெஷின் அதையே அவங்க தலையில கல்லாப் போட்டுச்சு” என்றேன். ஒருவர், “விதியை மீறினது தப்பில்லையா?” என்று கேட்டார். “தப்புதான். எனக்கு என்ன வேணும்னாலும் பண்ணுங்க. அந்த இருநூத்துப் பன்னிரண்டு பேரை முன்னாடி கொண்டு வாங்க” என்றேன். பேயைப் பற்றி எனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. உன் பக்கத்து மேசைக்காரராக இருக்க வேண்டும், ஓரமாக உட்கார்ந்திருந்த ஒருவர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்று கிடைத்தது. வேலை போகவில்லை. இப்போது திரையில் ‘வந்தார், பார்க்க முடியவில்லை’ என்று ஒரு பொத்தான் வந்திருக்கிறது. உன் சொந்தக்காரன் வரிசை போடட்டும், ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஏன் என்று காரணம் எழுத வேண்டும், அதைப் படித்துவிட்டு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட வேண்டும், நோயாளி கேட்டால் காட்டவும் வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவை கவுண்டர் ஆட்களையும் உட்கார வைத்துக் கேட்கிறார்கள். நான் பேச ஆரம்பித்தால் கூட்டம் முடிய மாட்டேன் என்கிறதாம். வேண்டும் அவர்களுக்கு.

இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் எடுத்து மேலே போட்டார்கள். தையற்காரம்மாவுக்குத் தேதி வந்தது. ஆபரேஷனுக்கு முன்னால் நானே அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னேன். விசாரணைக் குழுவைவிட அதுதான் கஷ்டமாக இருந்தது. அவர், “நல்லதுன்னுதான் பண்ணீங்க. ஆனா எம் பேருக்கு நேரா என்ன எழுதுறீங்கன்னு என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல” என்று எழுந்து போய்விட்டார். அறைந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

போன வாரம் ஒரு கண் கட்டுப் பிரித்துவிட்டு நேரே என் கவுண்டருக்கு வந்தார். கிட்டே வந்து என்னையே பார்த்தார். “இவ்ளோ நரைச்சிருச்சா உங்களுக்கு? இத்தனை நாளா சின்ன வயசுன்னு நெனச்சு மரியாதை குறைச்சலா பேசிட்டேனே” என்றார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து மூக்கு ஒழுகியது. அடுத்த கண்ணுக்கு ஆகஸ்ட்டில் தேதி.

அவர் கேட்டது இன்னும் என் காதிலேயே இருக்கிறது. நான் இரக்கப்பட்டவர்களில் ஒருவரையும் கேட்டதில்லை, வாலு. அவர்களுக்கு எது நல்லது என்று எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். உன்னிடம் என் கையெழுத்திலேயே முழு ஆதாரமும் இருந்தது. அத்தனை பேருக்கு நல்லது நடக்கும் என்றும் உனக்குத் தெரியும். அப்படி இருந்தும் என்னைக் கேட்டாய். வேண்டாம் என்று நான் மூஞ்சியில் அடித்த பிறகும் அதைத் தொடவில்லை. உனக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை, சொல்லாமலும் இருக்க முடியவில்லை.

நான் போகாமலே இருந்திருந்தாலும் நீ அந்தத் தாளை வெளியே எடுத்திருக்க மாட்டாய். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அதனால்தான் போனேன்.

உன் அண்ணி