சம்பந்தியின் கை

மார்ச் 9, ஞாயிறு

இன்றும் கை வரவில்லை.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு, பந்தயப் பாதையை எங்களைப் போன்ற ஆசைக்கு ஓட்டுகிறவர்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. கட்டுப்பாடு மட்டும் உண்டு. முன்னால் போகிறவர் சன்னல் வழியாகக் கையை நீட்டி, இந்தப் பக்கமாகப் போ என்று காட்டினால்தான் பின்னால் வருகிறவர் முந்தலாம். அதுவும் நேர்ப்பாதையில்தான். கை காட்டியவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்து வழி விட வேண்டும். ஹாரன் அடிப்பது, விளக்கை மினுக்குவது எல்லாம் அநாகரிகம்.

சம்பந்தி, அதாவது என் மருமகனின் அப்பா, இன்று முழுக்க எனக்கு முன்னால். அவருடைய நீலக் காரின் பின்பக்கத்தில் இருக்கும் கீறல் ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். வளைவுகளில் அவரை ஒட்டிக்கொண்டே போகிறேன். நேர்ப்பாதை வந்ததும் அவருடைய பெரிய எஞ்சின் ஓடிவிடுகிறது, என் குட்டிச் சாம்பல் கார் மூச்சு வாங்குகிறது. அடுத்த வளைவில் மறுபடி அதே கீறல்கள். நியாயமான மனுஷர் என்றால் இதற்குள் கை நீட்டியிருப்பார்.

இறங்கியதும் கேட்கிறார்: "எங்க ஓட்டினீங்க சம்பந்தியம்மா? ஆளையே காணோமே."

ஆளையே காணோமாம். கொழுப்பு.

மார்ச் 12

கடைக்குப் போகும் வழியில் பின்னால் ஒரு பேருந்து. யோசிக்காமல் கையை வெளியே நீட்டி வழி காட்டிவிட்டேன். ஓட்டுநர் முந்தவில்லை, பதிலுக்கு டாட்டா காட்டினார். வேலைக்குப் போக என்னோடு ஏறிக்கொண்ட மகள் முகத்தைப் பையால் மூடிக்கொண்டாள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

வயிறு எரிகிறது. எழுதினாலாவது அடங்குமா பார்ப்போம்.

மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, "இன்னிக்கு பின்னாடி யாருமே இல்ல, நிம்மதியா ஓட்டினேன்" என்றார் சம்பந்தி. எங்களோடு ஓட்ட வரும் டயர் கடைக்காரர் சிரித்தார். "அந்தம்மா உங்க முதுகுலயே சவாரி பண்ணிட்டு இருந்தாங்களே சார்."

"அண்ணா, கார்ல கண்ணாடின்னு ஒண்ணு வச்சிருக்காங்க. அப்பப்ப பாக்கலாம்" என்றேன். வாய்தான் அண்ணா என்றது.

"அதுல என் மூஞ்சிதாம்மா தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

வீட்டுக்கு வந்து மகளுக்கு போன் செய்தேன். "அம்மா, அவரு என் மாமனார். ராத்திரி அவரோட உக்காந்து நான் சாப்பிடணும்" என்றாள்.

"உப்பு கேட்டா கையை நீட்டுறாரா இல்லையா, அத மட்டும் சொல்லு."

வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15

ஒரே ஒரு முறை. அந்தக் கை எனக்காக ஒரே ஒரு முறை வெளியே வர வேண்டும். வேறு எதுவும் நான் கேட்கவில்லை. இந்த வயதில் இதற்கா ஏங்குவது? ஆமாம், இதற்குத்தான்.

மே 11, ஞாயிறு

இன்று பாதைப் பொறுப்பாளரிடம் புகார் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் போனேன். இருந்தாலும் சம்பந்தி. முதலில் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவோம் என்று அவர் கார் நிறுத்தும் இடத்துக்கு நடந்தேன். அவர் ஏற்கெனவே பாதையில் ஓட்டிக்கொண்டிருந்தார். அவருடைய கருவிப் பெட்டிமேல் பிளாஸ்க், பக்கத்தில் அவருடைய மூக்குக் கண்ணாடி.

இத்தனை வருஷம் கண்ணாடிக் கடை வைத்திருப்பவள் கை சும்மா இருக்குமா? எடுத்து, துப்பட்டாவால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். தூரத்து விளக்குக் கம்பம் குறுகிப்போய்த் தெரிந்தது. கிட்டப்பார்வை, மைனஸ் மூன்றரையாவது இருக்கும்.

கண்ணாடி என் கையில். ஆள் பாதையில்.

பெட்டிக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் அந்த மனுஷர் பொய் சொல்லவே இல்லை. தார் நிறத்தில் ஒரு கார் தார்மேல் வந்தால் அவருக்கு எப்படித் தெரியும்? இதில் நான் மாசக்கணக்காக அவர் முதுகில் ஒட்டிக்கொண்டு — நினைக்கவே பயமாக இருக்கிறது.

திரும்பி வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுப் பெட்டிமேல் கையால் தடவினார். கண்ணாடியை அந்தக் கையில் வைத்தேன்.

"எத்தன நாளாண்ணா இப்படி?"

"ஹெல்மெட் வாங்கினதுலேருந்து. உள்ள போக மாட்டேங்குதும்மா. காதுகிட்ட வளைவா இருக்குல்ல, அது குத்துது. பாதைதான் மனப்பாடமாச்சே."

"பாதை மனப்பாடம். நானு?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு சின்னக் குரலில், "நிஜமாவே பின்னாடி இருந்தீங்களா?" என்றார்.

எனக்குத் திட்ட மனம் வரவில்லை. இன்றைக்கு இனி ஓட்ட வேண்டாம் என்று கார் சாவியைக் கேட்டேன், கொடுத்தார். "செவ்வாய்க்கிழமை கடைக்கு வாங்க, ஹெல்மெட்டோட. கண்ணாடி இல்லாம இனிமே கார்ல ஏறினீங்கன்னா பொறுப்பாளர்கிட்ட சொல்லுவேன். அப்புறம் உங்க மருமககிட்ட சொல்லுவேன்."

"பொறுப்பாளர்கிட்ட சொல்லிக்கோங்க" என்றார். "மருமக வேண்டாம்."

மே 13

வந்தார். காதுக்குப் பின்னால் வளையாமல் நேராக முடியும் மெல்லிய பிரேமாகத் தேடி எடுத்தேன். ஹெல்மெட்டைப் போட்டபடியே உட்காரவைத்துச் செருகிப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ஒரு அம்மா கடைக்குள் காலை வைத்தாள். ஹெல்மெட்டோடு ஒருவர் உட்கார்ந்து சுவரில் இருக்கும் எழுத்துகளைச் சத்தமாகப் படிப்பதைப் பார்த்தாள். அப்படியே வந்த வழியே போய்விட்டாள். ஒரு வியாபாரம் போச்சு.

மே 20

கண்ணாடி தயார். மாட்டிக்கொண்டு வாசலில் நின்று தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். "அந்த மருந்துக் கடைக்குப் பேரெல்லாம் இருக்கா?" என்றார். பழைய கண்ணாடியின் பவரும் பத்தாமல் போயிருந்தது போல.

"இனிமே உங்களப் பாத்துருவேன் சம்பந்தியம்மா."

"பாத்தா போதாது, கையை நீட்டணும்."

"கண்டிப்பா" என்றார்.

ஜூன் 7

டயருக்குக் காற்று அடித்தாயிற்று. காரையும் கழுவியாயிற்று. கை எப்படி வரும்? விரல் மட்டுமா, முழங்கை வரைக்குமா?

ஜூன் 8, ஞாயிறு

ஏமாந்தேன். என் கையாலேயே என் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

முதல் சுற்றில் வழக்கம்போல அவருக்குப் பின்னால் இருந்தேன். இதோ, அடுத்த நேர்ப்பாதையில் கை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வர அவசியமே இல்லை. இதுவரை வளைவு எங்கே முடிகிறது என்று தெரியாமல்தான் அந்த மனுஷர் முன்கூட்டியே பிரேக் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இப்போது அவருக்குத் தெரிகிறது, வளைவிலும் பறக்கிறார். நான் ஒட்டிக்கொள்ள இருந்த ஒரே இடமும் போயிற்று. இரண்டாவது சுற்றில் தூரத்தில் ஒரு நீலப் புள்ளி, அப்புறம் அதுவும் இல்லை. அந்தக் கீறல்களைப் பார்க்க முடியாமல் எனக்கு என்னவோ போலிருந்தது.

தனியாக ஓட்டிக்கொண்டிருந்தேன். என்ன சுகம் இதில்?

அப்புறம் என் கண்ணாடியில் நீலம். ஒரு சுற்று முழுசாகச் சுற்றிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்து நிற்கிறார். ஹாரன் இல்லை, விளக்கு இல்லை, மரியாதையாக இடைவெளி விட்டுக் காத்திருக்கிறார். ஒரு வளைவு போனது. இன்னொரு வளைவு. பார்க்கவில்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது, மறைப்பானேன். யாரிடம் போய்ச் சொல்வது, நான்தான் கண்ணாடிக் கடைக்காரி ஆயிற்றே.

நேர்ப்பாதை வந்தது. கையை வெளியே நீட்டினேன், வேகத்தைக் குறைத்தேன்.

பக்கத்தில் வந்து தாண்டும்போது அவருடைய சன்னலிலிருந்து நன்றி சொல்லி ஒரு கை வெளியே வந்தது.

முழங்கை வரைக்கும்.