கடை ஜன்னலில் நீங்கள்

என்னங்க,

பக்கத்தில் படுப்பவருக்குக் கடிதமா என்று சிரிக்காதீர்கள். நேரில் பேச வாய் வரவில்லை.

துணிக்கடை ஜன்னலில் நான் வைக்கும் பொம்மை அலங்காரம் சலித்துவிட்டது என்று முதலாளியம்மா எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். "கண்ணு முழிச்சதும் போனை நோண்டினா மண்டையில என்ன புதுசா தோணும்? ஒரு நோட்டை எடுத்து, கண்ணுல படுறதை எழுதிப் பாரு."

அடுத்த நாள் கண் விழித்ததும் போனைச் சமையலறையில் போட்டுவிட்டு, நோட்டோடு கட்டிலில் உட்கார்ந்தேன். கை பரபரத்தது. எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தேன், மறுபடியும் போனேன். வேறு வழியில்லாமல் எழுதத் தொடங்கியபோது கண்ணில் பட்டது நீங்கள்தான். எனக்கு முதுகைக் காட்டி, போன் வெளிச்சத்தில் கன்னம் உப்பச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாளும் அதே சிரிப்பு. அதற்கடுத்த நாளும். "யாரு?" என்று கேட்க வந்து, "காபி போடட்டுமா?" என்று கேட்டேன்.

அதையே ஜன்னலில் வைத்துவிட்டேன். ஒரு கட்டில், திரும்பிப் படுத்த ஆண் பொம்மை, அதன் முகத்தில் சின்ன விளக்கு. பின்னால் புது நைட்டியில் ஒரு பெண் பொம்மை. தெருவே நின்று பார்க்கிறது. முதலாளியம்மாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. "அவன் யாரைப் பாத்து சிரிக்கிறான்?" என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். நான் இன்னும் கேட்கவில்லை என்கிறேன்.

நீங்கள் வேலைக்குப் போகும் பஸ் எங்கள் கடைக்கு எதிர் சிக்னலில்தான் நிற்கிறது. தினமும் கடைக்குள்ளிருந்து பார்க்கிறேன். போனில் குனிந்த தலையை நீங்கள் நிமிர்த்துவதில்லை.

நாளை பொம்மைகளை மாற்றுகிறார்கள். இன்றைக்கு ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள்.

நீங்கள் குளித்துவிட்டு வருவதற்குள் இதை உங்கள் போன்மேல் வைத்துவிட்டுக் கிளம்புகிறேன். வேறெங்கே வைத்தாலும் உங்கள் கண்ணில் படாது.

இப்படிக்கு,
உங்கள் முதுகுப் பக்கம் இருப்பவள்