கல் என்று எடுத்த பசை

நைனா,

பக்கத்து வீட்டு அத்தை உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும் சத்தம் இன்று காலையில் கேட்டது. மூன்று தடவை. யாருக்கோ கண்ணில் மண் விழுந்திருக்கிறது, நாக்கு நுனியால் எடுக்கப்போகிறாள் என்று அர்த்தம். கஞ்சி வடித்துக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது.

சில வருஷத்துக்கு முன் உன் வலது கண்ணை வலையின் நைலான் நரம்பு கீறியது. அது புண்ணாகி, கருவிழி மெலிந்து, ஊசிமுனை அளவுக்கு ஓட்டை விழுந்தது. அம்மா மீன் கூடையோடு திருப்போரூர் போயிருந்ததால் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு நான்தான் உன்னோடு வந்தேன். டாக்டரம்மா ஓட்டையின் மேல் ஒரு பொட்டுப் பசை வைத்து, அதை மெல்லிய லென்ஸால் மூடினார்.

“சிலைக்கடையில உடைஞ்ச கல்ல ஒட்டுற பசைக்கு இது அக்கா தங்கச்சி மாதிரி. அதுக்காக அதை எடுத்துக் கண்ல ஊத்திக்காதீங்க” என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “கல்லு மாதிரி உறுத்தும். யாரும் தொடக் கூடாது. கீழ புண்ணு ஆறினப்புறம் அதுவா விழும். முன்னாடியே வந்துட்டா கண்ணே போயிடலாம். நீதாம்மா பாத்துக்கணும்.”

தலையாட்டினேன். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னாலே பேச்சு வராமல், எட்டாவதோடு நின்றவள் நான். தலையாட்டத்தான் வரும்.

மூன்றாம் நாள் கரையில் நல்ல காற்று. வலையைப் பார்த்துவிட்டு வந்த நீ, கண்ணில் மண் என்றாய். பசை உள்ளே பத்திரமாக இருக்கிறது, மண் அதன் மேல் கிடக்கிறது என்று நினைத்தாய். அத்தையைக் கூப்பிட்டாய்.

“இன்னா அண்ணாத்த, கடலுக்குப் போவாமயே கரைய அள்ளிக்கினு வந்துட்டியா?” இமையை விரித்துப் பார்த்தாள். “மண்ணு இல்ல, கல்லே கீது! வெள்ளையா, தோ!”

“எடு தாயி. பேஜாரா கீது.”

அது பசை என்று எனக்குத் தெரியும். இரண்டு எட்டு தூரத்தில்தான் நின்றேன். ‘வேணாம்’ என்ற சொல் தொண்டைவரை வந்தது. அத்தை குனிந்துவிட்டாள்.

“வந்துடுச்சு பாரு!” அவள் நாக்கில் லென்ஸ், அதில் ஒட்டியபடி வெள்ளைப் பொட்டு. உறுத்தல் போனதென்று நீ சிரித்தாய். சிரிக்கும்போதே வலது கன்னத்தில் நீர் இறங்கியது. துடைத்தும் நிற்கவில்லை; ஓட்டை திறந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போகும் ஆட்டோவில் கண்ணைப் பொத்திக்கொண்டு சொன்னாய்: “அத்தகிட்ட அது பசைன்னு சொல்லாத. மனசு ஒடிஞ்சிபூடுவா.” யார் எடுத்தது என்று டாக்டரம்மா கேட்டபோது, “தானா வுழுந்துச்சும்மா” என்றாய். மறுபடி பசை வைத்தார்கள். கண் தப்பியது, பார்வை பாதிதான் மிஞ்சியது. அதோடுதான் இரண்டு வருஷம் கடலுக்குப் போனாய். போன மாசியில் நெஞ்சுவலி வந்து போய்ச் சேரும்வரை, பக்கத்தில் நின்ற நான் ஏன் வாய் திறக்கவில்லை என்று நீ கேட்கவே இல்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம், நைனா.

“ஆஸ்பத்திரிக்காரன் எடுக்காம வுட்ட கல்லயே நான் எடுத்தேன்” என்று அத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதைக் கேட்டுத்தான் எதிர்வீட்டு அண்ணி இன்று அவளிடம் போயிருக்கிறாள். நாலு நாளாக அண்ணிக்குக் கண் சிவந்து, வெளிச்சம் பார்க்க முடியவில்லை. உனக்கும் அப்படித்தான் ஆரம்பித்தது.

நீ சொல்லாதே என்றது ஞாபகம் இருந்தது. இருந்தும் போனேன். அத்தை இமையை விரித்துக் குனிந்துகொண்டிருந்தாள். இருவர் முகத்துக்கும் நடுவில் கையை வைத்தேன்.

“அன்னிக்கு நைனா கண்ல நீ எடுத்தது கல்லு இல்ல, அத்த” என்றேன்.