பன்னிரண்டு வயசுக் காது

எதைக் கேட்டாலும் "அடுத்த வருஷம்" என்று சொல்லியே எங்களைச் சிரிக்க வைத்த என் அண்ணனுக்கு,

நீ பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து லியோனில் குடியேறிய நாளிலிருந்து எங்களை வா வா என்று கூப்பிட்டாய். கடைசியில், நீ கண்ணை மூடி ஒரு வருஷம் கழித்து, டிக்கெட் எடுத்து அனுப்பியது உன் வெள்ளைக்காரப் பெண்டாட்டிதான். வீட்டுக்காரர், ஜோசபின், சின்னவன் அந்தோணி, நான், நாலு பேரும் போய்த் திரும்பிவிட்டோம்.

முதலில் ரோமாபுரி. உன் மச்சான் எந்தக் கோயிலைப் பார்த்தாலும் முட்டி போட்டார். நாலாம் கோயிலில் எழுந்திருக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்தது. அங்கிருந்து ரயில். சுவிஸ் மலையைப் பார்த்துவிட்டு சின்னவன், "எல்லா மலைக்கும் சுண்ணாம்பு அடிச்சிட்டாங்கம்மா, நம்ம வூட்டுக்கு அடிக்கத்தான் அப்பாவுக்கு மனசு வரல" என்றான். அவர் கேட்காதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த ஊர்களில் யாருமே ஜோசபினின் காதைப் பார்க்கவில்லை. இங்கே நம்ம உப்பளம் தெருக்களில் பார்க்காத ஆள் இல்லை. ஏழாவது படிக்கிற பெண்ணுக்கு ஓட்டை இல்லாத காது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், நீயோ லீவு கிடைக்கட்டும் என்றாய். ஒரு வயதுக்கு நான் செய்து வைத்த கம்மல் பெட்டியிலேயே கிடந்தது. பள்ளிக்கூடத்தில் அவளை 'பையன்' என்று கூப்பிட்டார்கள்.

நீ செத்த சேதி வந்த பிறகு, ஒன்றுவிட்ட தம்பி மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்று ஏற்பாடு செய்தேன். இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டாள்.

"மாமா மடின்னா மாமா மடிதான்."

"மாமாவே இல்லியேடி?"

"அப்போ காதும் இல்ல."

யாருடைய பிடிவாதம் இது? எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் கிடையாது. இப்படியே மொட்டைக் காதோடு கல்யாண மேடை வரைக்கும் போய்விடுவாளோ என்பதுதான் எனக்குப் பயம். உன் கல்லறையைப் பார்த்தாலாவது மனசு மாறட்டும் என்று கம்மலை எடுத்துக்கொண்டேன்.

லியோனில் உன் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினோம். அப்போதும் அவள் கை காதிலேயே இருந்தது. சாயங்காலம் என் கையிலிருந்த கம்மல் டப்பியைக் காட்டி அண்ணி ஏதோ கேட்டார். ஜோசபின் பள்ளிக்கூட பிரெஞ்சில் நெடுநேரம் சொன்னாள். மூன்றாம் கிளாஸ் படித்த எனக்கு அதில் உன் பெயர் மட்டும்தான் புரிந்தது. அண்ணி முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, அந்த ஆகஸ்ட் வெயிலில், உன் குளிர்கால கோட்டைப் போட்டுக்கொண்டு அண்ணி வாசலில் வந்து நின்றார். கை விரல் வெளியே தெரியவில்லை. சின்னவனுக்குச் சிரிப்பு வந்தது, நான் கிள்ளினேன். எனக்கும் வந்ததால்தான் கிள்ளினேன்.

ஜோசபின் அவர் பேசுவதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் அத்த மாமாவா இருக்கட்டுமான்னு கேக்குறாங்கம்மா."

"ஏன் என்னக் கேக்குற? உன் காது."

கோட்டின் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மடிப்பு மடித்து அண்ணியின் விரலை வெளியே எடுத்துவிட்டாள்.

"சரின்னு சொல்லிட்டேன்."

நகைக்கடையில் துப்பாக்கி மாதிரி ஒன்றை வைத்துக் குத்துகிறார்கள். நாற்காலியில் அண்ணி உட்கார, அவர் மடியில் அவர் உயரமே இருக்கிற பெண் உட்கார்ந்தாள். கடைக்காரர் வேண்டாம் என்றார். உன் மச்சான் தனக்குத் தெரிந்த கோயில் பிரெஞ்சில் விளக்கம் கொடுத்தார். அது முடிவதாக இல்லை என்று தெரிந்ததும் கடைக்காரர் குத்திவிட்டார்.

பெண் அழவில்லை. அண்ணி அழுதார். நான் கற்கண்டு பொட்டலத்தைப் பிரித்துக் கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். என் கண்ணைத் துடைக்கக் கை காலியாக இல்லை. அவள் கனம் உன் மடிக்கு எப்படி இருந்திருக்கும்?

புண் ஆறிவிட்டது. கம்மல் காதில் இருக்கிறது, சின்னதுதான். மாற்றித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்கிறாள்.

சொந்தக்காரர்கள் சிலர், பொம்பளை, அதுவும் வெள்ளைக்காரி, எப்படி மாமன் ஆக முடியும் என்று கேட்கிறார்கள். கேட்கட்டும். ஜோசபின் கல்யாணத்துக்குத் தட்டு வைத்து அழைக்கும் முதல் வீடு லியோன் வீடுதான். பத்திரிகையில் தாய்மாமன் என்று போடும் இடத்தில் அண்ணி பெயரைத்தான் போடுவேன். அச்சாபீஸ்காரன் தப்பு என்று திருத்த வந்தால் பக்கத்திலேயே உட்கார்ந்து அச்சடிக்க வைப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் கூடப் பிறந்த வாயாடி,
பிலோமினா
உப்பளம், புதுச்சேரி