கொம்போத்துக்கு ஒரு விளக்கம்

லக்ஸம்பர்க், மே 4

எங்கள் மொழிபெயர்ப்பு அலுவலகம் பள்ளி உணவகங்களுக்காகத் தொகுக்கும் பன்மொழி அகராதியில் இன்று 'கொம்போத்' வந்து சேர்ந்தது. பிரெஞ்சிலிருந்து எல்லோரும் கடன் வாங்கிய சொல். வாங்கியபின் அவரவர் விருப்பம். பிரெஞ்சில் அது வேகவைத்து மசித்த பழம். எங்கள் ஹங்கேரியனில் சர்க்கரைப் பாகில் மிதக்கும் பழத்துண்டு, இறைச்சிக்குத் தொட்டுக்கொள்வோம். போலிஷிலோ பழம் கொதித்த நீர்.

"குடிக்கிறதா? பழத்தைத் தின்னுட்டா மிஞ்சுற தண்ணி அது, ஹலினா மேடம்" என்றேன்.

"மிஞ்சுறது உங்க பழம்தான், லோரின்ட்ஸ் சார். வடிகட்டித் தூக்கிப் போடுவோம்" என்றார் எங்கள் போலிஷ் மொழிபெயர்ப்பாளர்.

இனிமையாகக் கழிந்த பிற்பகல்.

மே 9

பிரெஞ்சுப் பிரிவின் திபோ சொன்னான்: ஹலினா அவர்களைப் போலந்துத் தலைநகர் வார்சாவில் வேலைக்கு அழைக்கிறார்களாம். அகராதி முடிந்ததும் பதில் தருவாராம்.

மே 10

கொம்போத் வரைவுக்கு மேலும் ஓர் ஆட்சேபம் எழுப்பினேன். அவசியமானது. — அவசியமானதா?

மே 15

"ஆபீஸே 'நீ, வா, போ'ன்னு பேசுது. நீயும் ஹலினாவும் மட்டும் இன்னும் சார், மேடம். ஏன்யா?" என்றான் திபோ.

விளக்கினேன். போலந்திலும் எங்கள் நாட்டிலும் கைகோத்து மது அருந்தி, கன்னத்தில் முத்தமிட்டு, பெயர் சொல்லிக்கொண்ட பின்பே 'நீ'. அதற்கு அழைக்க வேண்டியவர் பெண். ஆண் முந்துவது முறையன்று.

"கெட்டது போ! மூத்தவங்கதான் கூப்பிடணும்னு ஹலினா காத்துக்கிட்டிருக்காங்க. மூத்தவன் நீதானே!"

மே 16

பெண்ணா, மூத்தவரா — எந்த விதி மேல்? எந்த நூலிலும் தெளிவில்லை. கேட்டு, மறுத்துவிட்டால்? கேட்காமலே அவர் போய்விட்டால்? சே, கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே!

மே 18

கேட்டேன். அவர் மேசைமேல் அவர் வீட்டுச் செர்ரி கொம்போத் மட்டுமே இருந்தது.

"முறைப்படி மது வேணும்" என்றேன்.

"இதுக்கும் ஆட்சேபமா? கையைக் கொடுங்க!"

கைகோத்துக் குடித்தோம். ஹங்கேரியன் ஒருவன் கொம்போத்தைக் குடித்தான்! சுவையாகவே இருந்தது. முத்தம். பெயர்கள்.

"இத்தனை நாள் எதுக்குக் காத்திருந்த, லோரின்ட்ஸ்?"

"விதி."

"தலைவிதி!"

ஜூன் 2

கொம்போத் நிறைவுற்றது, அதோடு அகராதியும். ஒரு சொல், மூன்று பொருள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

வார்சாவுக்கு எழுதிய பதிலை ஹலினா காட்டினாள். "மரியாதையா இருக்கா, பாரு." என் போலிஷ் அரைகுறை. ஆனால் 'வர இயலாது' என்பதைப் பொருள் பிறழாமல் புரிந்துகொண்டேன்.