விரிசல் விழுந்த பேட்டரி

மே 6, செவ்வாய்

குன்றக்குடி சாலையில் புது வீடு. பதினொரு ஜன்னல். திரைச்சீலைக் கம்பி மாட்ட வழக்கம்போல நானும் சித்ராவும். ஆறு வருடமாக இந்தத் தொழிலில் நாங்கள் இரண்டு பேர்தான்.

ஏணியில் நின்று ட்ரில்லுக்கு பேட்டரி மாற்றும்போது வியர்வையில் கை வழுக்கியது. பேட்டரி கிரானைட் தரையில் போய் விழுந்தது. ஓரத்தில் முடியளவு விரிசல். சித்ரா கீழே ஸ்க்ரூ எடுக்கப் போயிருந்தாள். திரும்ப மாட்டிப் பார்த்தேன், ஓடியது. அவளிடம் சொல்லவில்லை. வயர் ட்ரில்லே போதும் என்றவள் அவள். அடம்பிடித்து இதை வாங்கியவள் நான். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

மே 8, வியாழன்

"இந்த பேட்டரி மட்டும் ரொம்பச் சுடுதுக்கா. தொட்டுப் பாருங்களேன்."

"வெயில் அப்படி இருக்கு. வண்டி டிக்கியில வேற கிடந்துச்சுல்ல" என்றேன்.

டிக்கியில் வைக்காதீர்கள் என்று எப்போதும் சொல்பவள் அவள்தான். வேலை முடிந்த சூட்டோடு சார்ஜரில் போட விடமாட்டாள், ஆறட்டும் என்பாள். பெட்டியோடு வந்த காகிதத்தை முழுதாகப் படித்தவளும் அவள்தான்.

மே 9, வெள்ளி

டிரான்ஸ்பார்மர் போய் மதியத்திலிருந்து எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. "குடுங்கக்கா, நான் போட்டுக் கொண்டாரேன்" என்று பேட்டரியையும் சார்ஜரையும் சித்ரா சாக்கோட்டையில் தன் வீட்டுக்கு எடுத்துப் போனாள். நான் நீட்டியபோது விரிசல் பக்கம் என் உள்ளங்கைக்குள் இருந்தது. தானாக அமைந்ததா? நான்தான் அப்படிப் பிடித்தேனா?

மே 10, சனி

சித்ராவின் வலது கை. இன்று என்னால் எழுத முடியவில்லை.

மே 11, ஞாயிறு

ஆஸ்பத்திரியில் பார்த்தேன். விரல் நுனி வரைக்கும் கட்டு.

காலை ஐந்து மணிக்கு எழுந்து, ஈரமில்லாத வெறும் தரையில் வைத்துத்தான் சார்ஜ் போட்டிருக்கிறாள். அடுப்பில் டீ கொதிக்கும்போது படபடவென்று சத்தம். பேட்டரிக்குள் இருந்த செல்லெல்லாம் வெடித்துத் தெறித்து, ஒன்று எட்டத்தில் மடித்து வைத்திருந்த புதுத் திரைச்சீலைகள் மேல் விழுந்து தீப்பற்றியிருக்கிறது. "கஸ்டமர் துணியாச்சேன்னு வெளிய இழுத்தேங்க்கா" என்றாள். பாலியெஸ்டர் உருகிக் கையோடு ஒட்டிக்கொண்டது.

அவள் கணவர் அய்யப்பன் வார்டு முழுக்கக் கேட்கும்படி, "ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கிருப்பா. எத்தனை தடவ சொல்லிருக்கேன், இவ கேட்டாத்தான?" என்றார்.

"இல்லங்க, அஞ்சு மணிக்குத்தான் போட்டேன்."

"பேசாத. பிள்ளைக அங்குட்டுத்தான படுத்திருந்துச்சு?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் அவளையே பார்த்தார்கள். நான் ஆரஞ்சுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கிளம்பும்போது அவள் என்னிடம் சொன்னது: "உங்க பேட்டரியப் பாழாக்கிட்டேன். மன்னிச்சுருங்கக்கா."

என்னிடம்.

மே 14, புதன்

டூல்ஸ் பழுது பார்க்கும் கார்த்திகேய சிவத்திடம் கருகிய மிச்சத்தைக் கொண்டுபோனேன். "எங்கயும் கீழ விழுந்துச்சா?" என்பதுதான் அவரது முதல் கேள்வி.

"தெரியலண்ணே."

"விழுந்த பேட்டரி ஓடுதுன்னு நம்பிறக் கூடாதும்மா. உள்ள அடிபட்டிருந்தா சார்ஜ் ஏறும்போதுதான் காட்டும். விரிசல், உப்பல், வழக்கமில்லாத சூடு, எது கண்டாலும் சார்ஜர்ல போடாதீக. முனையில டேப்ப ஒட்டி, வெளிய தனியா வச்சுட்டு இங்க கொண்டாந்துருங்க. குப்பையிலயும் போடக் கூடாது."

மூன்று அறிகுறி சொன்னார். அதில் இரண்டு எனக்கு முன்னாலேயே தெரிந்திருந்தது. ஒன்றை நானே கண்ணால் பார்த்தேன், ஒன்றை அவள் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். எட்டாம் தேதியே வாயைத் திறந்திருந்தால்—

மே 18, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து, சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். பாதியில் விலகி வந்துவிட்டேன். சாமியாரிடம் சொல்வது எனக்குச் சுலபம், சித்ராவுக்கு அதனால் என்ன? அவள் வீடு திரும்பிவிட்டாள் என்று தெரியும்; நேராக சாக்கோட்டைக்குப் பஸ் ஏறினேன்.

அய்யப்பனும் இருந்தார். நல்லது என்று நினைத்துக்கொண்டேன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் சொன்னேன். நான்தான் கீழே போட்டேன். விரிசலைப் பார்த்தேன். மறைத்துக் கொடுத்தேன். இவள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை.

அய்யப்பன் தலை குனிந்தார். எழுந்து வெளியே போய்விட்டார்.

சித்ரா கட்டுப் போட்ட கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "கீழ விழுறது பெருசில்லக்கா. யாருக்கும் கை தவறும். ஆஸ்பத்திரியில இவுக என்னைய அத்தன பேச்சுப் பேசுனப்ப, நீங்க பக்கத்துலதான நின்னீக?" என்று கேட்டாள்.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் என்னாலும் அழுதிருக்க முடியும்.

ஜூன் 12, வியாழன்

கட்டுப் பிரித்துவிட்டார்களாம். சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. போனில் அவளே சொன்னாள். "இனி வேலையத் தனியாப் பாத்துக்கிறேன்" என்றும் சொன்னாள்.

ஜூலை 3, வியாழன்

ஏணியைப் பிடிக்க ஆளில்லை. வந்த வேலையை வேண்டாம் என்றுவிட்டேன்.

ஆகஸ்ட் 30, சனி

காளையார்கோவிலிலிருந்து அனுசுயா என்று ஒருவர் கூப்பிட்டார். டீச்சராம். போய்ப் பார்த்தேன். நான்கு ஜன்னல், ஒரு பால்கனி.

"மொதல்ல சித்ராவத்தான் கேட்டேன். இந்த மாசம் கையில வேலை நெறைய இருக்காம். அவுகதான் உங்க நம்பரக் குடுத்தாக. வேலை சுத்தமா இருக்கும்னு சொன்னாக."

வேறு ஏதாவது சொன்னாளா என்று கேட்க வாய்வரை வந்தது. கேட்கவில்லை. டேப்பை எடுத்து முதல் ஜன்னலை அளந்தேன்.