ராஜாவைப் படுக்க வைத்தவர்

கோவை,
12-3-1959

அன்புள்ள கனகத்துக்கு,

சதுரங்கத்தில் நான் குத்தூஸை ஜெயித்ததாகப் பத்திரிகையில் வந்திருக்கிறது. அது உண்மையில்லை.

உனக்கு வலி கண்டுவிட்டதென்று அன்னூரிலிருந்து தந்தி வந்தபோது இறுதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. விஷயம் தெரிந்ததும் குத்தூஸ் ஆட்டக் கடிகாரத்தை நிறுத்தினார். "பொறப்படுங்க, மிச்சத்தை இன்னொரு நாள் ஆடிக்கலாங்க" என்றார். எத்தனை வருஷத்துப் போட்டி எங்களுக்குள்! என் கை ஓங்கியிருந்ததால் நழுவப் பார்க்கிறார் என்று நினைத்து, "ஆடுங்க" என்றேன். அவர் தன் ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு, "நீங்களே ஜெயிச்சதா இருக்கட்டுங்க. இப்பவாச்சும் போங்க" என்றார்.

அப்போதும் கோப்பையை வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

நான் அன்னூர் வந்து சேர்ந்தபோது உன் அப்பா வாசலில் நின்றிருந்தார். "ரெண்டு உசிரும் பொழைச்சுதுங்க. ஆட்டம் முடிஞ்சுதுங்களா, மாப்பிள்ளை?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். உள்ளே வர முகமில்லாமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டேன். உன்னிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இன்று குத்தூஸ் உனக்காகப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டு நம் வீட்டுக்கு வந்தார். "அம்மணி நல்லா இருக்காங்களா? கொழந்தை யாராட்ட இருக்குதுங்க?" என்று ஆசையாகக் கேட்டார். ஆணா பெண்ணா என்றுகூட எனக்குத் தெரியாது.

"அவங்கம்மாவாட்டங்க, அதே ஜாடை" என்றேன். அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

நாளைக் காலை பஸ்ஸில் வருகிறேன். நீ பேசாவிட்டாலும் பரவாயில்லை. குழந்தையை மட்டும் ஒரு தடவை காட்டு.

இப்படிக்கு,
உன் வீட்டுக்காரன்